சத்திரசிகிச்சையின் பின் தோன்றும் மனக்குழப்பம்: முதுமையின் இயல்பல்ல, உடலின் அபாய அறிவிப்பு

குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த முதியோரை எமது நாட்டின் வைத்தியசாலை விடுதிகளில் அன்றாடம் காணலாம். முறிந்த எலும்பு சத்திரசிகிச்சை மூலம் பொருத்தப்பட்டதும் கண்டம் நீங்கிவிட்டதென உறவினர் ஆறுதல் கொள்கின்றனர். ஆயினும், ஓரிரு நாட்களில் அம்முதியவர் பெற்ற பிள்ளையையே யாரென வினவுவதும், தான் இருப்பது எவ்விடமென அறியாது தடுமாறுவதும், இறந்துபோனோர் கட்டிலருகே நிற்பதாகக் கூறுவதும், ஏற்றப்பட்டுள்ள குழாய்களைப் பிடுங்கி எறிவதும் அபூர்வமானவை அல்ல. இடுப்பெலும்புச் சத்திரசிகிச்சைக்கு உட்படும் முதியோரில் மூவரில் ஒருவர் அளவிலானோருக்கு இந்நிலை ஏற்படக்கூடும்.

இதனை வயதுபோனதன் விளைவென ஒதுக்கிவிடுவோர் ஒருபுறம். நூல் கட்டுவதிலும் தண்ணீர் ஓதிக் கொடுப்பதிலும் மட்டும் நம்பிக்கை வைத்துக் காத்திருப்போர் மறுபுறம். பிரார்த்தனை மனதிற்கு ஆறுதல் தரும் என்பதில் ஐயமில்லை. ஆனால், வைத்தியருக்கு அறிவிக்காது கழியும் ஒவ்வொரு மணித்தியாலமும் நோயாளரின் உயிருக்கே உலையாக அமையலாம்.

மருத்துவ உலகம் இதனை டிலீரியம் என அழைக்கின்றது. தீவிர மனக்குழப்பம் என நாம் கூறலாம். இது மறதி நோயன்று. மறதி நோய் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல வளர்வது. தீவிர மனக்குழப்பமோ சில மணித்தியாலங்களில் அல்லது ஓரிரு நாட்களில் திடீரெனத் தோன்றும். காலையில் தெளிவாகப் பேசியவர் மாலையில் தடுமாறுவார். ஒரு விடயத்தில் கவனத்தை நிறுத்த இயலாமையே இதன் பிரதான அடையாளமாகும்.

இதற்கான காரணங்கள் பல. வலி, உறக்கமின்மை, குருதியில் ஒட்சிசன் குறைதல், நீரிழப்பு, சோடியத்தின் அளவு மாறுதல், மலச்சிக்கல், சிறுநீர் தேங்குதல், சில வலிநிவாரணிகள் மற்றும் தூக்க மாத்திரைகள் என்பன அவற்றுள் சில. எனினும், எவ்வேளையிலும் தவறவிடக்கூடாத காரணம் கிருமித்தொற்றாகும். படுத்த படுக்கையாக இருப்பதனால் நுரையீரலிலும், சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டிருப்பதனால் சிறுநீர்த் தொகுதியிலும், வெட்டுக் காயத்திலும், சேலைன் ஏற்றும் ஊசி குத்திய இடத்திலும் தொற்று ஏற்படலாம். தொற்றை எதிர்த்து உடல் சுரக்கும் அழற்சிப் பொருட்கள் மூளையின் செயற்பாட்டையும் பாதிக்கின்றன. மூளையின் தாங்குதிறன் குறைந்த முதியோரில் இப்பாதிப்பு விரைவாக வெளிப்படுகின்றது.

இளையவர் ஒருவருக்குத் தொற்று ஏற்படின் பொதுவாகக் காய்ச்சல் அதனைக் காட்டிக்கொடுக்கும். முதியோரிலோ காய்ச்சல் தோன்றாமலேயே தொற்று முற்றக்கூடும். அவ்வாறானவர்களிடம் மனக்குழப்பமே முதலாவது அறிகுறியாக இருக்கலாம். கிருமித்தொற்று உடலின் உறுப்புகளைச் செயலிழக்கச் செய்யும் செப்சிஸ் எனும் ஆபத்தான நிலைக்கு 2016ஆம் ஆண்டில் புதிய சர்வதேச வரைவிலக்கணம் வெளியிடப்பட்டது. அதனுடன் முன்வைக்கப்பட்ட விரைவுக் கணிப்பு முறையில் மூன்று அடையாளங்கள் இடம்பெற்றன. நிமிடத்திற்கு 22 அல்லது அதற்கு மேற்பட்ட சுவாசம், 100 அல்லது அதற்குக் குறைந்த மேல் குருதியமுக்கம் என்பவற்றோடு, மனநிலையில் ஏற்படும் மாற்றமும் அவற்றுள் ஒன்றாகும். இவற்றை மட்டும் கொண்டு நோயை முடிவு செய்ய இயலாதெனினும், மனக்குழப்பத்திற்கு மருத்துவம் அளிக்கும் முக்கியத்துவத்தை இது உணர்த்துகின்றது.

கூச்சலிடும் நோயாளர் எவரது கண்ணிலும் படுவார். அமைதியாக, எந்நேரமும் உறங்கிக்கொண்டு, உணவில் நாட்டமின்றி, கேட்டதற்கு மாத்திரம் ஓரிரு சொற்களில் விடையளிப்பவர் எவரது கண்ணிலும் படுவதில்லை. இதுவும் மனக்குழப்பத்தின் ஒரு வடிவமே. பல நோயாளரைக் கவனிக்கும் தாதியருக்கு அம்முதியவரின் வழமையான இயல்பு தெரிந்திருக்க நியாயமில்லை. அதனை அறிந்தவர்கள் குடும்பத்தினரே. எனவே, "இவர் நேற்றுவரை இப்படி இருக்கவில்லை" என்று உறவினர் உரைக்கும் ஒரு வார்த்தை மிகவும் பெறுமதியானது. சனிக்கிழமையிலிருந்து கிழமை நாட்களைப் பின்னோக்கிச் சொல்லுமாறு கேட்டுப் பார்க்கலாம். வழமையாக அதனைச் சொல்லக்கூடியவர் இடைநடுவில் தடுமாறினால் உடனடியாக அறிவித்தல் வேண்டும். அவர் வழமையாக உட்கொள்ளும் மாத்திரைகளையும், மதுப் பழக்கம் இருப்பின் அதனையும் வெட்கம் கருதி மறைக்கலாகாது. மதுவைத் திடீரென நிறுத்துவதும் ஓரிரு நாட்களில் கடும் குழப்பத்தையும் வலிப்பையும் ஏற்படுத்தவல்லது.

இந்நிலையைப் பெருமளவு தடுக்கவும் முடியும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷரன் இனூயே தலைமையிலான குழு 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 70 வயதும் அதற்கு மேற்பட்டோருமான 852 பொது மருத்துவ விடுதி நோயாளர் அவதானிக்கப்பட்டனர். வழமையான பராமரிப்புப் பெற்றோரில் 15 வீதமானோருக்கு மனக்குழப்பம் ஏற்பட்டது. விசேட பராமரிப்புப் பெற்றோரில் அது 9.9 வீதமாகக் குறைந்தது. அப்பராமரிப்பு விலையுயர்ந்த மருந்தன்று. இடத்தையும் நாளையும் நினைவூட்டல், எழுந்து நடமாடச் செய்தல், இரவில் உறங்க விடுதல், நீர் அருந்தச் செய்தல், மூக்குக்கண்ணாடியையும் செவிப்புலன் கருவியையும் அணிவித்தல் என்பனவே அவை. சத்திரசிகிச்சை நோயாளருக்கும் இன்று இவையே பரிந்துரைக்கப்படுகின்றன. வைத்தியரின் அனுமதியுடன் இவற்றுள் பெரும்பாலானவற்றை உறவினரே செய்யலாம். வழமையான வணக்க வேளைகளை நினைவூட்டுவதுகூட நேரத்தை உணரச் செய்யும்.

தொற்றைத் தடுப்பதிலும் எமக்குப் பங்குண்டு. சுகம் விசாரிக்கக் கூட்டமாகச் செல்வது எமது சமூகங்களில் அன்பின் வெளிப்பாடாகும். ஆயினும் கைகளைக் கழுவாது நோயாளரைத் தொடுவதும், கட்டிலில் அமர்வதும், தடிமன் இருமலோடு செல்வதும் அன்பாகாது. சிறுநீர்க் குழாய் இன்னமும் அவசியமா எனத் தினமும் பணிவுடன் வினவுவதில் தவறில்லை. நீரிழிவு உள்ளோரின் சீனி அளவு கட்டுப்பாட்டில் இருத்தல் காயம் ஆற இன்றியமையாதது.

வீடு திரும்பியதோடு பொறுப்பு முடிவதில்லை. காயத்தில் சிவப்பு, வீக்கம், சீழ், அதிகரிக்கும் வலி என்பவற்றோடு புதிதாகக் குழப்பம் தோன்றினாலும் அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும். தம்மை உணர்த்த இயலாத நிலையிலுள்ள முதியவருக்காகப் பேச வேண்டியவர்கள் அருகிலிருப்போரே என்பதை நாம் மறந்துவிடலாகாது.