உழவர் வீட்டில் கண் வறட்சி: காரணமும் சிகிச்சையும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் நிலக்கடலை பறித்துக் காய் ஆயும் காலத்திலும், நெல் கதிரடிக்கும் காலத்திலும், "கண்ணில் மண் விழுந்தாற்போல் உறுத்துகிறது" என்று சொல்வோர் பலர். மரக்காணம் உப்பளங்களில் கண் கூசும் வெளிச்சத்தில் உப்பு வாருவோருக்கும் இத்தொல்லை உண்டு. தூசி என்றெண்ணிக் கண்ணைக் கழுவிவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். தூசி நீங்கிய பின்னும் உறுத்தல் நாள்கணக்கில் தொடர்ந்தால் அது கண் வறட்சியாக இருக்கலாம். சிறு குழந்தைகளுக்குச் சத்துக் குறைவால் வரும் கண் வறட்சி வேறு வகை. அதைக் கவனியாது விட்டால் பார்வையே போய்விடும். ஆகவே இரண்டையும் பிரித்தறிந்து கொள்ளுதல் வேண்டும்.

கண் ஏன் உலர்கிறது?

கண்ணின் மேல் எப்பொழுதும் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உள்ளது. விழியோடு ஒட்டிக்கொள்ளும் வழவழப்பான பொருள், நீர், அதன்மேல் எண்ணெய்ப் பசை ஆகியவை சேர்ந்ததே இப்படலம். எண்ணெய்ப் பசை இமையோரச் சுரப்பிகளிலிருந்து வந்து, நீர் ஆவியாகாமல் காக்கிறது. நீர் குறைந்தாலும் எண்ணெய் குறைந்தாலும் கண் உலரும். உலர்ந்த கண்ணில் எரிச்சல் மிகும்போது நீர் வடிவதும் உண்டு. ஆகவே நீர் வடிகிறது என்பதால் வறட்சி இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

வயது கூடுவது, மாதவிடாய் நிற்பது, சுடுகாற்று, அடுப்புப் புகை, பீடி சிகரெட்டுப் பழக்கம் ஆகியவை வறட்சிக்கு முக்கிய காரணங்கள். நீரிழிவு, தைராய்டு கோளாறு, மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும், சளிக்கும் அரிப்புக்கும் சில மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிடுபவர்களுக்கும் இது வரும். கைப்பேசியை உற்றுப் பார்க்கும்போது இமைப்பது குறைவதால் இளைஞர்களுக்கும் இன்று வருகிறது.

பெரியவர்களுக்குச் சிகிச்சை

சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, பொறுக்கும் சூட்டில், மூடிய இமைகளின் மேல் 5 முதல் 10 நிமிடம் ஒத்தடம் கொடுக்கவும். பிறகு இமையோரத்தை மெதுவாகத் துடைக்கவும். இதனால் அடைபட்ட எண்ணெய்ச் சுரப்பிகள் திறக்கும். மருத்துவர் சொல்லும் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு மருந்தை இட்டுவர உறுத்தல் தணியும். கதிரடிக்கும்போதும் தூற்றும்போதும் பக்கங்களும் மூடிய கண்ணாடி அணிவது நல்லது. காற்றுக்கு எதிரே நின்று தூற்றக் கூடாது.

மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கும் சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அதை நெடுநாள் இட்டால் கண் நீர் அழுத்தம் கூடிப் பார்வை கெடும். நெல் தாளோ சோளத் தோகையோ கண்ணில் கீறியிருந்தால் ஆபத்து மேலும் அதிகம். மதுரையில் 1994-ஆம் ஆண்டு கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரைச் சோதித்ததில், கிருமி கண்டறியப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பூஞ்சணமே காரணம் என்று தெரிந்தது. பூஞ்சணப் புண்ணுக்கு ஸ்டீராய்டு இடுவது நெருப்பில் எண்ணெய் வார்ப்பது போலாகும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு எதையும் கண்ணில் ஊற்றலாகாது. கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினாலோ பார்வை மங்கினாலோ அன்றே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குழந்தைகளுக்கு வரும் வறட்சி

இதற்குக் காரணம் வைட்டமின் 'ஏ' பற்றாக்குறை. முதலில் மாலைக்கண் தோன்றும். பொழுது சாய்ந்ததும் குழந்தை தட்டுத் தடுமாறும். தட்டில் உள்ள சோற்றைத் தடவும். பிறகு வெள்ளை விழி பளபளப்பு இழந்து, சோப்பு நுரை போன்ற சாம்பல் நிறத் திட்டு தெரியும். இந்நிலையில் மருந்து கொடுத்தால் பார்வையைக் காத்துவிடலாம். கருவிழி உலர்ந்து குழைந்துவிட்டால் போன பார்வையை மீட்பது அரிது. தட்டம்மை, நீடித்த வயிற்றுப்போக்குக்குப் பின் இது விரைந்து முற்றும்.

நம் நாட்டில் 1970-ஆம் ஆண்டு முதல் வைட்டமின் 'ஏ' திரவம் வழங்கும் திட்டம் நடைபெறுகிறது. 9-ஆம் மாதத்தில் 1 லட்சம் அலகும், பின்னர் 5 வயது வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை 2 லட்சம் அலகும் தரப்படுகின்றன. கடுமையான நோய் இன்று வெகுவாகக் குறைந்துள்ளது. எனினும் தவணை தவறக் கூடாது. திருச்சி மாவட்டத்தில் சுமார் 15,000 குழந்தைகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 1990-இல் வெளியாயிற்று. வாரந்தோறும் சிறு அளவு வைட்டமின் 'ஏ' பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கும் மேல் குறைந்ததை அது காட்டியது. இச்சத்து கண்ணுக்கு மட்டுமன்றி உயிருக்கும் காவல் என்பதை இதிலிருந்து அறியலாம். ஆனால் அளவு மீறினால் நஞ்சாகும். ஆதலால் கிராம சுகாதார செவிலியர் மூலமே கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகள் தாமாக இம்மருந்தை உட்கொள்ளக் கூடாது.

கொல்லையில் உள்ள மருந்து

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பழைய அட்டவணைப்படி, 100 கிராம் முருங்கைக் கீரையில் 6,780 மைக்ரோகிராம் கரோட்டின் உள்ளது. அகத்தியில் 5,400, காரட்டில் 1,890 மட்டுமே. கரோட்டின் உடலில் வைட்டமின் 'ஏ' ஆக மாறும். அது உடலில் சேர எண்ணெய் தேவை. டி.எம்.வி. நிலக்கடலை இரகங்களைத் தந்த திண்டிவனம் வட்டாரத்தில் அதற்கா பஞ்சம்? கீரையை மூடி வேகவைத்து, ஒரு தேக்கரண்டி கடலை எண்ணெயில் தாளித்து, நன்கு மசித்துச் சோற்றுடன் கொடுக்கவும்.

குளியல் நீர் பாயும் இடத்தில் 45 செ.மீ. நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்பி, பி.கே.எம். 1 முருங்கை விதையை 3 செ.மீ. ஆழத்தில் ஊன்றவும். 75 செ.மீ. உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் பெருகிக் கீரை நிறையக் கிடைக்கும். வீட்டுக்கு இரண்டு மரம் போதும். வேலியோரம் நான்கு அகத்தி, ஒரு பப்பாளி இருந்தால் ஆண்டு முழுவதும் குறைவிராது.

கால்நடைக்கும் இதே நோய்

கோடையில் வைக்கோல் ஒன்றையே தின்னும் மாடுகளுக்கும் மாலைக்கண் வரும்; கண்ணில் நீர் வடியும். சினைப் பசுவுக்கு இச்சத்து குறைந்தால் கன்று வலுவின்றியோ குருடாகவோ பிறக்கலாம். கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், அகத்தி, சவுண்டல் ஆகியவற்றில் கிடைப்பதை நாள்தோறும் சிறிதளவாவது பசுமையாகக் கொடுத்து வரவும். கன்று பிறந்தவுடன் சீம்பாலைத் தவறாமல் குடிக்க விடவும்.

இன்று மாலை விளக்கேற்றும் நேரத்தில் உங்கள் வீட்டுக் குழந்தை தடுமாறாமல் நடக்கிறதா என்று பாருங்கள். ஐயம் இருந்தால் மறுநாளே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ காட்டுங்கள். முருங்கை விதையையும் இந்த வாரமே ஊன்றிவிடுங்கள்.