கோப்புகள் இடம்பெயரும்போது

பழைய கணிப்பொறியிலிருந்து புதியதற்குக் கோப்புகளை மாற்றுதல் எளிய செயலென்றே நாம் எண்ணுகிறோம். தமிழ்க் கோப்புகளைப் பொறுத்தவரை அது பாதி வேலையே ஆகும். பல்லாண்டு உழைத்து எழுதிய ஆய்வுரையைப் புதிய பொறியில் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துகளே நிரம்பி நிற்கின்றன. கோப்பு கெட்டதெனக் கலங்கி அழித்துவிடுவோரும் நம்மிடையே உளர். உண்மையில் அது கெடவில்லை.

பழைய எழுத்துருக்கள் பல, ஆங்கில எழுத்துகளுக்குரிய இடங்களிலேயே தமிழ் வடிவங்களை அமர்த்தின. 'பாமினி' எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல் ஜே, கே, பி, ஓ ஆகிய சிறிய ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவுமே சேமிக்கப்படுகிறது. அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் திரை விலகிவிடுகிறது. 1991இல் வெளிவந்த ஒருங்குறியோ தமிழ் எழுத்துகளுக்கெனத் தனியிடம் வகுத்தது. தமிழக அரசும் 2010இல் அதனை ஏற்றது.

ஆதலின் நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, கோப்புகளோடு அவற்றின் எழுத்துருக்களையும் படியெடுத்தல். இரண்டாவது, எழுத்துரு மாற்றியால் ஒருங்குறிக்குப் பெயர்த்து, பழைய அச்சுப்படியோடு ஒப்புநோக்கிப் பிழை களைதல். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வரும் இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். பழைய முறையில் கொம்பு முன்னும், ஒருங்குறியில் மெய்க்குப் பின்னும் பதிவாகிறது. மூன்றாவது, இவை முடியுமுன் பழைய பொறியைக் கைவிடாதிருத்தல்.

செல்லரிக்குமுன் ஏடு பெயர்த்தெழுதினோரால் நம் இலக்கியங்கள் பிழைத்தன. அப்பணி இன்று நம் மேசைமீது காத்திருக்கிறது.