கேட்பதற்கும் பூட்டா?

கேளம்பாக்கம் உப்பளங்களால் பெயர் பெற்ற ஊர். இன்றோ அதன் பக்கத்திலே, சிறுசேரியில், கணினிக் கம்பெனிகளும் தரவு மையங்களும் ஓங்கி நிற்கின்றன. திருநெல்வேலி, மதுரை, திருச்சி முதலிய ஜில்லாக்களிலிருந்து பிழைப்பு நாடி வந்த வாலிபர்கள் பல்லாயிரவர் இச்சுற்றுவட்டாரத்தில் குடியிருக்கிறார்கள். 1963-ல் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி நிலையத்தையோ, 1939-ல் தொடங்கப்பெற்ற திருச்சி நிலையத்தையோ கேட்க வேண்டுமென்று அவர்களுக்கு ஆவல் எழுவது இயற்கை. பண்பலை ஒலிபரப்பு அவ்வளவு தூரம் எட்டாது. இணையம் ஒன்றே நல்ல வழி. அந்த வழியிலேதான் உலகெங்கும் இப்பொழுது சுங்கச்சாவடிகள் முளைத்து வருகின்றன.

அச்சாவடிகள் மூன்று விதம். கேட்பவருடைய கருவியின் இணைய எண்ணைக் கொண்டு அவர் எந்த தேசத்திலிருக்கிறார் என்று ஊகித்து, அயல் தேசத்தாராயின் கதவடைப்பது ஒன்று. ஒலியோடையின் விலாசத்தை மறைத்து, அடிக்கடி மாற்றி, 'எங்கள் செயலியை நிறுவினால்தான் கேட்கலாம்' என்று நிர்ப்பந்திப்பது மற்றொன்று. குறிப்பிட்ட ஒரு கம்பெனியின் மென்பொருளுக்கு மட்டுமே விளங்கும் உருவத்தில் ஒலியை அனுப்புவது மூன்றாவது. 1995-ல் ரியல் ஆடியோ வந்தது முதல் இம்மூன்றாவது நோய் நம்மைத் தொடர்ந்தது. ஃப்ளாஷ் என்ற மென்பொருளை அதன் சொந்தக்காரர்களே 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு கைவிட்டனர். அதை நம்பியிருந்த ஒலிபெருக்குக் கருவிகள் யாவும் ஊமையாயின. ஒரு கம்பெனியின் விருப்பத்தில் தொங்கும் குரல் என்றைக்கேனும் அறுந்தே தீரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கேட்பதற்குத் தடை என்பது நமக்குப் புதிதன்று. 1933-ஆம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், லைசென்ஸ் இன்றி வானொலிப் பெட்டியை வைத்திருப்பதையே குற்றமாக்கிற்று. 1942 ஆகஸ்டில் உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் பம்பாயில் இரகசியமாகக் காங்கிரஸ் ரேடியோ நடத்தினார்கள். நவம்பரில் போலீஸார் அதைப் பிடித்தார்கள். ஆயினும் அது பேசிய நாட்களில் பெட்டி வைத்திருந்தோர் எவரும் கேட்டனர். அந்நிய ஆட்சியாலும் அலைக்கு வேலி போட முடியவில்லை. சுயராஜ்யம் வந்த பின்னரும் ஒரு பாடம் கிடைத்தது. 1952-ல் மந்திரி கேஸ்கர் காலத்தில் சினிமாப் பாட்டுக்கள் வானொலியில் ஒதுக்கப்பட்டன. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலியைக் கேட்டார்கள். 1957-ல் விவித பாரதி பிறந்தது. முள்ளைத் திருப்பும் சுதந்திரம் நேயர்கள் கையிலிருந்தமையாலன்றோ சர்க்கார் இணங்க நேர்ந்தது! செயலிக்குள் அடைபட்ட ஒலிக்குத் திருப்புவதற்கு முள்ளே இல்லை.

வெளியுலகில் நடப்பதைப் பாருங்கள். பி.பி.ஸி.யின் தமிழோசை 1941 முதல் ஒலித்து, 2017 ஏப்ரலில் வானொலியிலிருந்து விடைபெற்றது. அதே ஸ்தாபனம் 2025 ஜூலையில் தன் 'ஸவுண்ட்ஸ்' செயலியைப் பிரிட்டனுக்கு வெளியேயுள்ள நேயர்களுக்கு மூடிற்று. அவர்களுக்காவது, லைசென்ஸ் கட்டணம் செலுத்துவோர் பிரிட்டிஷ் ஜனங்களே என்று சொல்லிக்கொள்ள இடமுண்டு. நம் நாட்டில் வானொலி லைசென்ஸ் 1980-களிலேயே ஒழிந்தது. ஆகாசவாணி பொது வரிப்பணத்தில் நடப்பது. சோப்பு வாங்குவோனும் அதற்குக் கொடுத்தவனே. கொடுத்தவன் கேட்பதற்கு மறுபடியும் அனுமதி எதற்கு?

பாட்டுக்காரருக்கும் இசையமைத்தோருக்கும் உரிய கூலி போய்ச் சேர வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். அவசியம் சேரத்தான் வேண்டும். 2012-ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 31-டி பிரிவு, நிர்ணயித்த தொகையைக் கட்டி வானொலியில் பாட்டு ஒலிபரப்ப வகை செய்தது. இணையத்தில் வேண்டிய பாட்டை வேண்டியபோது தந்துவந்த விங்க் என்ற சேவை இப்பிரிவின் கீழ் வராது என்று பம்பாய் ஹைகோர்ட் 2019-ல் தீர்ப்பளித்தது. 2022-ல் அதன் இரு நீதிபதி அமர்வும் அதையே உறுதி செய்தது. நேயர் தாமே பாட்டைத் தெரிந்தெடுப்பது வேறு. நிலையம் தருவதை அந்தந்த நேரத்தில் கேட்பது வேறு. பின்னது வானொலியே அன்றி வேறன்று. கம்பியில் வந்தாலும் காற்றில் வந்தாலும் அதற்கு ஒரே நியாயம் இருக்கவேண்டுமென்று பார்லிமெண்டு தெளிவாகச் சொல்லவேண்டும். கூலி கொடுக்க நேர் வழி இருந்தால் பூட்டுப் போட முகாந்திரம் இராது.

அதே திருத்தத்தில் 65-ஏ என்றொரு பிரிவும் உண்டு. பதிப்புரிமையை மீறும் எண்ணத்துடன் தொழில்நுட்பப் பூட்டை உடைப்போருக்கு இரண்டு வருஷம் வரை சிறை என்கிறது அது. சட்டம் தடுக்காத காரியத்துக்கு விலக்கும் அதிலேயே இருக்கிறது. ஆயினும் ஒரு சாமானியன், தன் பழைய பெட்டியில் பொது வானொலியைக் கேட்க வழி தேடும்போது, விலக்கு எங்கே முடிகிறது, குற்றம் எங்கே தொடங்குகிறது என்று வக்கீலையா கேட்டுக்கொண்டிருப்பான்?

நாம் கோருவன சில. பொதுப்பணத்தில் நடக்கும் ஒவ்வொரு நிலையமும் தன் நேரடி ஒலியோடையின் விலாசத்தைப் பகிரங்கமாக வெளியிட்டு, முன்னறிவிப்பின்றி மாற்றாமல் காக்கவேண்டும். எம்.பி.3 போன்ற, எவரும் கையாளக்கூடிய உருவத்தில் ஒலியை அளிக்கவேண்டும். வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருளிலும், கண்பார்வையற்றோர் கையாளும் எளிய கருவியிலும், மலிவான கைப்பேசியிலும் அது கேட்கவேண்டும். பெயர், கைப்பேசி எண், இருப்பிடம் எதையும் நேயரிடம் வினவலாகாது. கடல் கடந்த தமிழருக்கும் செய்தி, விவசாயம், கர்நாடக சங்கீதம் இவை தடையின்றிக் கிட்டவேண்டும்.

1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் வேதாரண்யம் சென்றவர்கள் அள்ளியது ஒரு பிடி உப்பு. கடல் எல்லோருக்கும் உரியது, அதன் உப்புக்குப் பூட்டாகாது என்பதே அந்தப் பிடியின் பொருள். தம் பொதுக்குரலுக்கும் அந்நியாயத்தையே ஜனங்கள் கோருகிறார்கள். சட்டசபைகளிலும் பார்லிமெண்டிலும் நம் பிரதிநிதிகள் இக்கோரிக்கையை எழுப்புவார்களாக.