கொக்கலவிலிருந்து பேர்த் வரை: தூரமும் நேரமும்

இரு நகரங்களுக்கு இடையிலான தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைத்துவிடும் என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். காகிதத்தில் அது சரியே. ஆனால், வானத்தில் காற்றும் எல்லைகளும் உண்டு. சில காலங்களில் போரும் உண்டு. இதனை விளங்கிக்கொள்ள காலி மாவட்டத்தின் கொக்கல வாவியே நமக்குப் போதுமானது.

1942 பெப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்ததுடன் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையிலான விமானப் பாதை துண்டிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் கொழும்பும் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு இலக்காகின. எஞ்சியிருந்த வழி, இந்து சமுத்திரத்தை எங்கும் தரிக்காமல் கடப்பதுதான். 1943 நடுப்பகுதி முதல் 1945 ஜூலை வரை குவான்டாஸ் நிறுவனத்தின் ஐந்து கற்றலினா கடல் விமானங்கள், மேற்கு அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் கொக்கல வாவிக்கும் இடையே 271 தடவைகள் பறந்தன.

தூரம் சுமார் 5,650 கிலோமீற்றர். இன்றைய ஜெட் விமானம் ஏழு மணித்தியாலங்களில் கடந்துவிடக்கூடியது. கற்றலினாவுக்கோ 27 முதல் 33 மணித்தியாலங்கள் வரை தேவைப்பட்டன. புறப்பட்ட நாளிலும் மறுநாளிலுமாகப் பயணிகள் இரண்டு சூரியோதயங்களைக் கண்டனர். இதற்கென அவர்களுக்குச் சான்றிதழ் ஒன்றும் வழங்கப்பட்டது.

ஒரே பாதையில் ஆறு மணித்தியால வேறுபாடு ஏன்? காரணம் காற்றே. மணிக்கு 180 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் விமானத்தை 30 கிலோமீற்றர் வேகமுள்ள காற்று எதிர்த்தால், அதன் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு பறிபோகின்றது. மணிக்கு 900 கிலோமீற்றர் செல்லும் ஜெட் விமானத்துக்கு அதே காற்றினால் ஏற்படும் இழப்பு முப்பதில் ஒரு பங்கு மாத்திரமே. ஆகவே, மெதுவாகச் செல்பவனையே காற்று அதிகம் தண்டிக்கின்றது. இதனை ஈடுசெய்ய சுமார் 9,000 லீற்றர் எரிபொருள் ஏற்றப்பட்டது. மிஞ்சிய இடம் மூன்று பயணிகளுக்கும் 69 கிலோகிராம் தபாலுக்குமே போதுமாயிருந்தது.

போரும் தன் பங்கைக் கேட்டது. எதிரி விமானங்கள் நடமாடிய பகுதியை இருளிற் கடக்கும்படி புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. வானொலித் தொடர்பு பேணப்படவில்லை. நட்சத்திரங்களைக் கொண்டே திசை அறியப்பட்டது. அவ்விமானங்களுக்கு நட்சத்திரங்களின் பெயர்கள் சூட்டப்பட்டிருந்தமை பொருத்தமே. இத்தனைக்கும் இடையில் ஓர் உயிரேனும் இழக்கப்படவில்லை என்பது வியப்புக்குரியது.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஹெல்சிங்கிக்கும் டோக்கியோவுக்கும் இடையிலான தூரம் சுமார் 7,800 கிலோமீற்றர். 2022 இல் உக்ரேன் போரையடுத்து ரஷ்ய வான்பரப்பு ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்டபோது, ஒன்பதரை மணித்தியாலப் பயணம் பதின்மூன்று மணித்தியாலங்களாக நீண்டது. நகரங்கள் இடம்பெயரவில்லை, பாதைதான் வளைந்தது. அந்த வளைவுக்கான எரிபொருளின் விலையும் ஈற்றில் பயணச்சீட்டிலேயே வந்து சேர்கின்றது.

கொக்கலவில் அந்த விலையைக் கொடுத்தோர் பயணிகள் அல்லர். விமானத் தளத்துக்காக அக்கிராம மக்கள் குறுகிய அவகாசத்தில் வீடு வாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. தப்பி நின்றவற்றுள் ஒன்று, சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த வீடு. இன்று அது அருங்காட்சியகத்தின் ஒரு பகுதியாக இருக்கின்றது. கற்றலினாக்களோ, போர் முடிந்தபின் அவுஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.