பருப்பு வேகிற தண்ணியெல்லாம் நல்ல தண்ணியா?

"எங்க போர் தண்ணியில பருப்பு பூ மாதிரி வேகும்!" ஒரு தண்ணீருக்கு இல்லத்தரசிகள் தருகிற பெரிய சர்டிபிகேட் இதுதான். அதிலும் திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் தண்ணீரை நாக்கில் வைத்தே எடை போடுவது பழகிப்போன விஷயம். தோல் கழிவால் பாலாற்றங்கரைக் கிணறுகள் உப்புக் கரிக்க, வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 1996-ல் தீர்ப்பே வந்தது. அதனால், கரிக்காத தண்ணீர் கிடைத்தால் போதும், 'நல்ல தண்ணி' என்று நம்பிவிடுகிறோம்.

ஆனால் நாக்குக்குப் பிடிபடாத ஆசாமி ஒருவர் இருக்கிறார். பெயர் ஃப்ளூரைடு. ருசி, நிறம், வாசனை எதுவும் கிடையாது.

எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் காலுக்குக் கீழே உள்ள கருங்கல் பாறையிலிருந்துதான். பாறையில் ஃப்ளூரைடு பல வடிவில் இருக்கும். அதில் முக்கியமானது கால்சியம் ஃப்ளூரைடு என்ற உப்பு. பற்பசையில் சேர்க்கும் சோடியம் ஃப்ளூரைடு ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 40 கிராம் கரையும். கால்சியம் ஃப்ளூரைடோ வெறும் 16 மில்லிகிராம்தான்! கால்சியம் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது.

"அப்புறம் என்ன பயம்?" என்கிறீர்களா? அந்த 16 மில்லிகிராமில் பாதி ஃப்ளூரைடு. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

இன்னொரு விஷயம். தண்ணீரில் சோடா உப்புத் தன்மை அதிகமானால், கால்சியம் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். பிடித்து வைக்க ஆள் இல்லாததால் ஃப்ளூரைடு இன்னும் ஏறும். இப்படிக் கால்சியம் குறைந்த தண்ணீரில்தான் சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பும் சீக்கிரம் வேகும்! பருப்பு வேகும் தண்ணீரெல்லாம் கெட்டது என்று அர்த்தமில்லை. வேகிறது என்பதற்காக மட்டும் நம்பாதீர்கள் என்றுதான் சொல்கிறோம்.

என்ன செய்யும்?

எட்டு வயதுக்குள்தான் நிலைப்பற்களின் எனாமல் உருவாகிறது. அப்போது ஃப்ளூரைடு மிகுந்தால், முளைக்கும் பல்லில் சுண்ணாம்பு போன்ற வெண்திட்டு, பிறகு மஞ்சள், பழுப்புக் கோடுகள். எத்தனை தேய்த்தாலும் போகாது. "பல்லு விளக்கறதே இல்ல" என்று பிள்ளையைத் திட்டுவது பாவம்! வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் படியும். மூட்டு வலி, கழுத்தும் முதுகும் விறைத்துப்போதல் எல்லாம் வரும். முற்றிய பிறகு எலும்பைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில், நெல்லூர் பகுதியில் இந்த நோயை டாக்டர் ஷார்ட் குழுவினர் 1937-லேயே பதிவு செய்தார்கள். பக்கத்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கப்பட்டது.

என்ன செய்யலாம்?

* கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடத்தான் செய்யும். சாதாரண கேண்டில் ஃபில்டரும் உதவாது. ஆர்.ஓ. பெருமளவு நீக்கும்.

* குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். பக்கத்து வீட்டு ரிசல்ட்டை நம்ப வேண்டாம். போருக்குப் போர், ஆழத்துக்கு ஆழம் அளவு மாறும்.

* அளவு அதிகமென்றால், அந்தத் தண்ணீரைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஆற்றுக் குடிநீரோ, சுத்தமாகச் சேமித்த மழைநீரோ போதும்.

* பால், தயிர், கேழ்வரகு, முருங்கைக்கீரை தினமும் சேரட்டும். பாறையில் ஃப்ளூரைடைப் பிடித்து வைக்கும் அதே கால்சியம், குடலிலும் கொஞ்சம் பிடித்து நிறுத்தும். கூடவே நெல்லிக்காய், கொய்யா. கடுங்காப்பி பரவாயில்லை; தேயிலையில் ஃப்ளூரைடு உண்டு, கட்டன் சாயாவைக் குறையுங்கள்.

* சின்னப் பிள்ளைகளுக்குப் பேஸ்ட் பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம். விழுங்காமல் துப்பச் சொல்லுங்கள்.

வீட்டில் எட்டு வயதுக்குக் கீழே குழந்தை இருக்கிறதா? பரிசோதனையை அடுத்த மாசத்துக்குத் தள்ளிப் போடாதீர்கள். பாலிலேயே கறை விழுந்தால் பரவாயில்லை, பல் விழுந்து முளைக்கும். நிலைப்பல்லுக்கு அந்த வாய்ப்பு ஒரே தடவைதான்!