நடிப்புக்கும் பட்டம் உண்டு!

பேரையூர் பக்கம் பங்குனிப் பொங்கல் வந்தால் விடிய விடிய "வள்ளி திருமணம்" நடக்கும். கண் கொட்டாமல் பார்த்த பையன், பிளஸ் டூ முடித்ததும் வீட்டில் கேட்கிறான்:

"அப்பா, நடிப்பு படிக்க காலேஜ் இருக்காமே?"

"கூத்தாடுறதுக்கு எதுக்குடா காலேஜ்?"

இருக்கிறது! புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரிலேயே நாடகப் பள்ளி தொடங்கினார்கள். அதன் முதல் தலைவர் எழுத்தாளர் இந்திரா பார்த்தசாரதி.

சுவாமிகள் நம்ம மதுரையில் 1918-ல் பாய்ஸ் கம்பெனி நடத்தியவர். 1922-ல் காலமானது புதுவையில். 6 வயதில் அவரிடம் சேர்ந்த சிறுவன்தான் பின்னாளில் அவ்வை டி.கே.சண்முகம்! பட்டம், பரீட்சை எதுவும் அங்கே கிடையாது. சாப்பாடு, படுக்கை, பாடம் எல்லாம் கம்பெனியிலேயே. அந்தக் காலத்துக் கம்பெனிகளில் பாட்டை மறந்தால் முதுகு பழுத்துவிடும்.

இப்போது அடி இல்லை. குரல், உடல் பயிற்சி, ஒப்பனை, மேடை விளக்கு, டைரக்ஷன் என்று முறையாகச் சொல்லித் தருகிறார்கள்.

ஆனால் பிளஸ் டூவை வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடக் கூடாது. புதுவையில் நாடகத்தில் முதுநிலைப் பட்டம் படிக்க, முதலில் ஒரு டிகிரி வேண்டும். டெல்லி தேசிய நாடகப் பள்ளியிலும் அப்படித்தான். அங்கே 3 வருடப் படிப்பு. மேடை ஏறிய அனுபவமும் கேட்பார்கள்.

"சரி, வேலை?" அப்பா விடுவாரா!

நியாயமான கேள்விதான். பட்டம் வாங்கியவருக்கும் சினிமா சான்சை யாரும் எழுதித் தருவதில்லை, அலையத்தான் வேண்டும்.

பையன் இப்போதைக்கு மதுரையில் ஒரு பி.ஏ. சேரட்டும். பங்குனிக்கு ஊர் மேடையிலும் ஏறட்டும். 3 வருடத்தில் அப்பா மனசு மாறலாம். பையன் மனசும் மாறலாம்!