தலை சுற்றாமலே வரும் தள்ளாட்டம்

கேட்பது மட்டும் உள்காதின் வேலையல்ல. உடல் சாய்கிறதா, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மூளைக்கு ஓயாமல் தகவல் தருவதும் அதுதான். ஒவ்வொரு காதிலும் மூன்று அரைவட்டக் குழல்களும் அவற்றையொட்டி இரண்டு சிறு பைகளும் உள்ளன. தலை திரும்பும்போது குழலுக்குள் இருக்கும் திரவம் சற்றுப் பின்தங்கும். அந்த அழுத்தத்தில் நுண்மயிர் செல்கள் வளைந்து நரம்பைத் தூண்டும். பைகளில் இந்தச் செல்களுக்கு மேலே கால்சியம் கார்பனேட் துகள்கள் பதிந்த ஒரு படலம் இருக்கிறது. தலை குனிந்தாலும், லிஃப்ட் கிளம்பினாலும் துகள்களின் எடை அதை இழுக்கும்.

குழல்களின் செய்தி கண்ணுக்கும் போகிறது. தலை வலப்பக்கம் திரும்பினால், நொடியில் நூறில் ஒரு பங்குக்குள் கண் இடப்பக்கம் திரும்பி ஈடுகட்டும். நடந்துகொண்டே கடைப் பெயர்ப்பலகையைப் படிக்க முடிவது இதனால்தான்.

பறவைகளுக்கு நுண்மயிர் செல்கள் அழிந்தால் புதிதாக முளைக்கும். மனிதருக்கு ஏறக்குறைய போனது போனதுதான். 70 வயதைத் தாண்டியவர்களின் குழல்களில் இவை சுமார் 40 சதவீதம் குறைந்திருந்ததை 1973இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வு காட்டியது. நரம்பணுக்களும் கால்சியத் துகள்களும்கூட வயதோடு குறைகின்றன.

இவ்வளவு இழந்தும் பலருக்குத் தலை சுற்றுவதில்லை. பெரும்பாலும் இரண்டு காதுகளும் ஒன்றுக்கொன்று முரணான தகவல் தரும்போதுதான் சுற்றல் வரும். முதுமையில் இரண்டும் மெல்ல, ஒன்றுபோலவே தளர்கின்றன. குறையைக் கண்ணையும் பாதத்தின் தொடு உணர்வையும் வைத்து மூளை சமாளித்துவிடுகிறது. அந்தத் துணை விலகும்போதுதான் குட்டு வெளிப்படும். ஈரமான குளியலறைத் தரையில் நின்று, முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிய நொடியில் உடல் ஒரு பக்கம் சாயும். கை தானாகச் சுவரைத் தேடும். நீரிழிவால் பாதம் மரத்தவருக்கும் கண்புரை உள்ளவருக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

அமெரிக்காவில் 2001 முதல் 2004 வரை நடந்த தேசிய ஆய்வில், 40 வயதுக்கு மேற்பட்டவர்களை மெத்தென்ற ஃபோம் மீது கண்ணை மூடி நிற்கச் சொன்னார்கள். 35 சதவீதத்தினரால் நிற்க முடியவில்லை. அப்படித் தவறியதோடு தலைசுற்றலும் இருந்தவர்கள் கீழே விழுவதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட 12 மடங்கு.

வயதால் வரும் இந்தத் தளர்ச்சிக்கான இலக்கணத்தை, தலைசுற்றலையும் சமநிலைக் கோளாறுகளையும் ஆராயும் மருத்துவர்களின் பாரனி சங்கம் 2019இல்தான் வகுத்தது. 60 வயதைக் கடந்தவருக்குக் குறைந்தது மூன்று மாதமாகத் தள்ளாட்டம், நடைத் தடுமாற்றம், கிறுகிறுப்பு, அடிக்கடி விழுதல் ஆகியவற்றில் இரண்டேனும் இருக்க வேண்டும்; இரு காதிலும் லேசான குறைபாடு சோதனையில் தெரிய வேண்டும். சங்கத்துக்குப் பெயர் தந்த ராபர்ட் பாரனி, 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு தனக்குக் கிடைத்ததை அறிந்தபோது ரஷ்யாவில் போர்க்கைதி.

படுக்கையில் புரண்டதும் அறையே சில நொடிகள் சுற்றினால், அது பெரும்பாலும் வேறு சங்கதி. பையிலிருந்து கழன்ற துகள் குழலுக்குள் புகுந்திருக்கும். தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைக்கும் எப்லி முறையில் பலருக்கு ஒரே அமர்வில் சரியாகிவிடும். இதையும் ‘வயசாச்சு’ என்று விட்டுவிடுவது அநியாயம். ஆனால், திடீர்ச் சுற்றலோடு பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தள்ளாட்டத்துக்குத் தலைசுற்றல் மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது பலன் தராது. மூளை தன்னைப் பழக்கிக்கொள்வதை அது தடுக்கவும் கூடும். பயிற்சிதான் கைகொடுக்கும். நீட்டிய கட்டைவிரலில் பார்வையை நிறுத்தித் தலையை இடம் வலமாகத் திருப்புவது, பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு பாதத்துக்கு முன் பாதம் வைத்து நடப்பது என்று படிப்படியாகக் கடினமாக்குவார்கள். 1940களில் பிரிட்டனில் காதோன், குக்ஸி என்ற இரு மருத்துவர்கள் தலையில் அடிபட்டவர்களுக்காக வகுத்த பயிற்சிகளிலிருந்து வளர்ந்த முறை இது. கண்ணாடியிலும் கவனம் தேவை. பைஃபோகல் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்த்தால் படிக்கட்டின் விளிம்பு மங்கலாகத் தெரியும்; வெளியே நடமாடுபவர்களுக்குத் தூரப் பார்வைக்கென்று தனிக் கண்ணாடி நல்லது.